அடுப்பில் காயவைத்த ஸ்பீக்கர்

ஓடைமங்கலம்
5-2-73, திங்கட்கிழமை

அன்பு மகன் கோவிந்தராசுவுக்கும், குணமுள்ள மருமகள் தங்கமணிக்கும், என் பேரன் சின்ன வீரையனுக்கும் அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பசுமாடு, போன வெள்ளிக்கிழமை அது போட்ட கிடாரிக் கன்று எல்லாரும் ஒரு தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம். அங்கே பிலாயில் குளிர் விட்டதா, மூன்று பேரும் தேக சுகத்தோடு இருக்கிறீர்களா என்பதற்கு உடனே பதில் போடவும். இன்லண்டு லெட்டர் வாங்கித்தான் எழுத உட்கார்ந்தேன், சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது என்று தெரிந்ததும் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டேன். கவர் கனமாக இருக்கிறதே என்று பயந்துவிடாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. பேரன் ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் தமிழிலும் சொல்கிறான், இந்தியிலும் சொல்கிறான் என்று பொங்கல் கடிதத்தில் எழுதியிருந்தாய், அதைத் தபால்காரரை நிறுத்தி வைத்தே வாய்விட்டுப் படித்தேன், அவர் இன்னும் மூன்று தெரு பாக்கி இருக்கும்மா என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். நம் விவசாயக் கூலிச் சங்கத்து வைரக்கண்ணு மாமா, ஏம்மா அம்சம், இங்க ஸ்டேஷன் போர்டுல இந்தியைத் தார் பூசி அழிக்கிறாங்க, உன் பேரன் வாயில வச்சு வளக்குறானா என்று கேலி பண்ணினார். எந்த பாஷையில எண்ணுனா என்ன மாமா, மரக்கால் குறையாம எண்ணத் தெரிஞ்சா சரி என்று நான் சொன்னேன்.

நீ அந்தக் கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய், அம்மா, நான் கொண்டுவந்த குழாய் ஸ்பீக்கர் நன்றாகப் பாடுகிறதா என்று. அதற்குத்தான் இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். ஆத்தில் தண்ணீர் அடைத்ததும், கூரைக்குக் கீற்று மாற்றியதும் எழுதலாம் என்றால் கை குழாயிலேயே வந்து நிற்கும், பொய் எழுத மனம் வரவில்லை, நிஜம் எழுதத் தைரியம் வரவில்லை. இப்போது இரண்டுக்கும் வேலை இல்லாமல் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

முதலில் அந்தக் குழாய்க்கு இந்த வருஷம் வந்த மரியாதை என்ன என்று சொல்ல வேண்டும். நாம் குடியிருக்கிற மனைக்கட்டு எல்லாம் பண்ணை நிலத்தில் இருக்கிறதல்லவா, இருக்கிறவனுக்கே அதைச் சொந்தமாக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டு மனு வாங்கினார்கள், உனக்குத் தெரியும். நம் மனுவை என் பேரில் எழுதினோம். உன் அப்பா பேரில் கூலித் தகராறு கேஸ் நடக்கிறதே, அதைக் காட்டி எதிர் மனு போடுவார்கள் என்று வைரக்கண்ணு மாமா சொன்னார், உன் அப்பாவும் அவளுக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியும், அவ பேர்லயே எழுதுங்க என்று சொல்லிவிட்டார். கார்த்திகையில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து, வைத்தியலிங்கம் பண்ணை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேர்ப் பட்டியலை வாசித்தார். நம் தெருக்காரர்கள் நாங்கள் வழக்கம்போல் வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை, கால் தானாக அந்த இடத்தில் நின்றுவிட்டது, அத்தனை வருஷப் பழக்கம். அவர் வாய் அசைவது தெரிந்தது, குரல் வரவில்லை, பண்ணை வாசலுக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் மட்டும் போய்க் கைநாட்டு வைத்தார்கள். முப்பத்து நாலு பேரில் பதினோரு பேருக்கு ஆள் ஆஜர் இல்லை என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பதினொன்றில் நான் ஒருத்தி. நூறு கஜ தூரத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தவளுக்கு ஆள் இல்லை என்று எழுத்து.

வைரக்கண்ணு மாமா விடவில்லை. திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்து, பிப்ரவரி ஒண்ணாம் தேதி வியாழக்கிழமை மறுபடியும் பேர் வாசிப்பார்கள், பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பார்கள், இந்தத் தடவை வராதவர் பேரை அடித்துவிடுவார்கள், இதுதான் கடைசி என்று உத்தரவு வாங்கி வந்தார். தேதியைப் பார், நல்ல அறுவடை சமயம். நாம் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் காத்துக்கிடந்தால் வெளியூர் ஆளை வயலில் இறக்கிவிடுவார்கள், போன வருஷம் தகராறு வந்ததே அதில்தான். வயலிலும் நிற்க வேண்டும், பேரும் காதில் விழ வேண்டும். மைக்கில் வாசிக்கட்டும் என்று மாமா கேட்டாராம். சர்க்காரில் மைக் கிடையாது, உங்ககிட்ட இருந்தா கொண்டு வாங்க என்று தாசில்தார் சொல்ல, எங்க சங்கத்துல பட்டாளத்து ஸ்பீக்கரே இருக்குங்கய்யா என்று மாமா மார்தட்டிவிட்டு வந்திருக்கிறார். நீ நாக்பூர் பழைய இரும்புச் சந்தையில் தேடிப் பிடித்து, வெள்ளைக்காரன் யுத்த காலத்தில் செய்தது என்று சொல்லி, ரயிலில் மூன்று நாள் மடியில் வைத்துக்கொண்டு வந்தாயே, அதைத்தான் சொன்னார்.

இனிமேல் நான் செய்த காரியத்தைக் கேள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பாட்டுப் போடுவதற்காகக் குழாயைத் தென்னை மரத்தில் கட்டியிருந்தார்கள். யாரும் எதிர்பார்க்காத ஒரு மழை அடித்தது, இறக்குவதற்குள் நனைந்துவிட்டது. மறுநாள் போட்டுப் பார்த்தால் ஜலதோஷம் பிடித்தவன் மூக்கால் பேசுகிற மாதிரி சத்தம் வந்தது. குழாயின் பின்னால் திருகி மாட்டுகிற அந்தக் கனமான குடுக்கை, யூனிட் என்று நீ சொல்வாயே, அதற்குள்தான் ஈரம் என்று உன் அப்பா கழற்றி வெயிலில் வைத்துவிட்டு வாய்தாவுக்குத் திருவாரூர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். வெயிலே இல்லை, மூடாக்குப் போட்டிருந்தது. நான் அன்றைக்கு நெல் அவித்தேன். நெல் அவித்து அண்டாவை இறக்கியதும் உமி அனல் அடுப்பில் சாயங்காலம் வரைக்கும் கிடக்குமல்லவா, நம் வீட்டில் நனைந்தது எதுவானாலும் அந்த அடுப்பு வாயில் ஒரு மண் ஓடு போட்டு அதன்மேல் வைத்துத்தானே காயவைப்போம். தீப்பெட்டி, உன் அப்பா புகையிலை, ஏன், நீ மூன்றாவது படிக்கும்போது வாய்க்காலில் போட்ட கணக்குப் புத்தகம்கூட அங்கேதான் காய்ந்தது, அட்டை அப்பளம் மாதிரி பொரிந்துபோய் நீ அழுதாய், அதையாவது நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். யூனிட்டை எடுத்து ஓட்டின்மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டார் கடையில் வருமே, அரக்கு உருகுகிற வாசனை, அது வந்தது. பக்கத்துக் காத்தாயி வீட்டில் ஏதோ கருகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாயும்போது தொட்டுப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது, எனக்குச் சந்தோஷம். கையில் எடுத்து ஆட்டினேன், உள்ளே கடகட என்றது, காய்ந்த புளியங்காய்க்குள் கொட்டை ஆடுகிற மாதிரி.  எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

உன் அப்பா வந்து மாட்டிப் பார்த்தார். பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு கொர்கொர். அதிலும் ம் என்று முடிகிற வார்த்தை வந்தால் வண்டு புகுந்த மாதிரி அலறுகிறது. மழைத் தண்ணிதான் வேலையைக் காட்டிடுச்சு என்று அவராகச் சொன்னார், நானும் ஆமாங்க என்று சொல்லிவிட்டேன், அதுதான் தப்பு. அன்றோடு போயிருந்தால் பரவாயில்லை. தினமும் அதைக் கையில் எடுத்து ஆட்டுவார், பழைய இரும்புக்காரன் நம்ம புள்ளையை நல்லா ஏமாத்தியிருக்கான், இவனும் ஒரு ஓட்டைச் சாமானை மடியில வச்சுத் தாலாட்டிக்கிட்டு வந்திருக்கான் என்பார். வருகிறவர் போகிறவரிடமும் அதையே சொன்னார். நீ ஒன்றும் ஏமாறவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. ஒண்ணாம் தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. டவுனில் வாடகை மைக்செட்டு கேட்டுப் பார்த்தார்கள், கூலித் தெருவுக்கு ஏன் கொடுத்தாய் என்று பண்ணைக்காரர்கள் கேட்பார்களாம், ஒருத்தரும் வர மாட்டேன் என்றார்கள். கடைசியில் ரேடியோ ரிப்பேர் செய்கிற குஞ்சிதபாதம் ஐயாவிடம் கொண்டுபோனோம். அவர் ஆட்டிப் பார்த்துவிட்டு உன் அப்பாவிடம், இது என் வயசு சாமான் மருதையா, இதுக்கு உதிரி பாகம் கிடையாது, நான் திறந்தா மூட வராது என்று கையைக் கழுவினார். ஆனால் நல்ல மனுஷன், அதிராம்பட்டினத்தில் ஒரு பழைய ரேடியோக் கடை இருக்கிறது, அந்த பாய் காலமாகிவிட்டார், அவர் மகள் ரசியா பேகம்தான் வீட்டுக்குள்ளே இருந்து கம்பிக் காயில் சுற்றி ரிப்பேர் பார்க்கிறாள், அவள் கை பட்டால் உண்டு, இல்லாவிட்டால் தலையைச் சுற்றித் தூக்கிப் போட்டுவிடு என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

அதிராம்பட்டினத்துக்குப் பஸ் ஏறினோம், யூனிட் என் மடியில். கடையில் ரசியாவின் தம்பி உட்கார்ந்திருந்தான், சாமானை வாங்கி உள்ளே கொடுப்பதோடு அவன் வேலை சரி. அக்கா ஆம்பளைங்க முன்னாடி வராது, சாமானோட சரித்திரம் தெரிஞ்சவங்க யாராவது பொம்பளை இருந்தா உள்ள போய்ச் சொல்லுங்க என்றான். உன் அப்பாவுக்குத்தான் ஒயர் தெரியும், பேட்டரி தெரியும், பிளஸ் மைனஸ் தெரியும், அவரைத் தெருவில் நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியாத நான் உள்ளே போனேன். போகும்போது மழை பட்டதுன்னு மறக்காம சொல்லுடி என்று சொல்லி அனுப்புகிறார். உள்ளே நல்ல வெளிச்சமான அறை, சந்துப் பக்கம் உயரத்தில் ஜன்னல், ஒரு மேசை, அதில் என்னென்னவோ கம்பி. ரசியாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும், மூக்குக்கண்ணாடி, புருஷன் பினாங்கில். வாங்கக்கா, உட்காருங்க என்று தன் பக்கத்துப் பெஞ்சைக் காட்டினாள், அவள் குடிக்கிற மாதிரிக் கிளாஸிலேயே எனக்கும் டீ வந்தது, நான் தயங்கியதைப் பார்த்து, சீனி பத்தலையாக்கா என்றாள். நம் ஊர் டீக்கடையில் நமக்கு எங்கே நின்று எதில் குடிக்க வேண்டும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

யூனிட்டை ஆட்டினாள், மோந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னக்கா ஆச்சு இதுக்கு என்றாள். மழையில நனைஞ்சிருச்சும்மா என்றேன். மழையில நனைஞ்சா துரு வாசனை வரும், இதுல உமிப் புகை வாசனைல்ல வருது, டாக்டர்கிட்டயும் ரிப்பேர்காரிகிட்டயும் பொய் சொல்லக்கூடாது, எங்க வாப்பா சொல்லுவாங்க என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அடுப்பு, ஓடு, அரக்கு வாசனை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், என் மகன் மேல பழி போகுதும்மா, அதைத்தான் தாங்க முடியல என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் பார்க்கிறேன், ஜன்னலுக்கு வெளியே சந்தில் யாரோ இருமுகிறார்கள். உன் அப்பா. வெயிலுக்கு ஒதுங்கி அந்த ஜன்னல் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறார்.

ரசியா அதைத் திறந்து எனக்குக் காட்டினாள், நீ வாங்கியதற்குள் என்ன இருக்கிறது என்று நீயே பார்த்திருக்க மாட்டாய். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக வட்டமாக ஒரு தகடு, அதன் விளிம்பில் தலைமயிர் மாதிரிக் கம்பி சுற்றின ஒரு வளையம், அந்தத் தகடு துடித்துத்தான் சத்தம் வருகிறதாம். அதற்கு எதிரே தொண்டைக்குழி மாதிரி ஒரு துவாரம், துவாரத்தின் நடுவில் பம்பரம் மாதிரி ஒரு சின்னக் குமிழ், நாலு பக்கமும் மயிரிழை இடைவெளி விட்டு, தகட்டில் படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அரக்கு வைத்து நிறுத்தியிருந்தார்கள். நம் அடுப்பு அனலில் அரக்கு இளகிக் குமிழ் கழன்று தகட்டிலேயே உரசிக்கொண்டு கிடந்தது. நல்ல காலம், தகடு கிழியவில்லை. இவ்வளவு மெல்லிசு கிழியாம இருக்குன்னா நல்ல சாமான்க்கா, உங்க மகன் பார்த்துத்தான் வாங்கியிருக்காங்க என்றாள். ஜன்னலுக்கு வெளியே இருமல் நின்றுவிட்டது. இன்னொன்றும் சொன்னாள், பின்மூடிக்கு நாலு திருகாணி இருக்க வேண்டும், மூன்றுதான் இருக்கு, அதிலும் ஒண்ணு சைக்கிள் திருகாணி, இதை முன்னாடியே யாரோ திறந்து பார்த்திருக்காங்கக்கா என்றாள். அதை நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் ஒட்டியிருந்தது, பிசைந்த கோதுமை மாவை உருட்டி ஒத்தி ஒத்தி எடுத்தாள். பழைய அரக்கைப் பிளேடால் சுரண்டினாள். தபாலாபீஸில் முத்திரை வைக்கிற அரக்கு மாதிரி ஒன்றை விளக்கில் உருக்கினாள். குமிழை நடுவில் நிறுத்துவதுதான் பெரிய வேலை, மூன்று பக்கம் தாள் நறுக்கைச் செருகி, சமமாக நின்றதும் அரக்கு விட்டு, ஆறியதும் தாளை உருவ வேண்டும். தாள் சரியான கனத்தில் இருக்க வேண்டுமாம். சிகரெட்டுத் தாள் வைத்தாள், தொளதொள என்றது. போஸ்ட் கார்டு வைத்தாள், நுழையவே இல்லை. இதுக்குன்னு நறுக்கி வச்சிருந்த எக்ஸ்ரே பிலிம் துண்டு தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்களேன் என்றாள். அடுத்த வாரம் ஒண்ணாம் தேதி போய்விடுமே. என் சுருக்குப்பையில் உன் பொங்கல் கடிதம் இருந்தது, எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போவேன். இது ஆகுமா பாரும்மா என்று எடுத்துக் கொடுத்தேன். இன்லண்டு தாளை விரலால் தடவிப் பார்த்து, இதுதான்க்கா கணக்கு என்றாள். நீதான் எப்போதும் கடைசி மடிப்பை எழுதாமல் காலியாக விட்டுவிடுவாயே, அதிலிருந்துதான் வெட்டினோம். மூன்றாவது நறுக்குக்கு மட்டும் இடம் போதவில்லை, உன் கடைசி வரியும் சேர்ந்து வந்தது, மற்றவை பின் என்று எழுதியிருந்தாயே அது. எழுத்து இருக்கேக்கா, வெட்டலாமா என்றாள் ரசியா. வெட்டும்மா, எல்லாக் கடிதத்திலும் அதைத்தான் எழுதுறான், மற்றவை இன்னும் வந்து சேரலை என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குமிழ் நடுவில் நின்றது. அரக்கு ஆறியதும் இரண்டு நறுக்கும் சுலபமாக உருவி வந்துவிட்டன. மூன்றாவது, அந்த எழுத்துள்ள நறுக்கு, அரக்கு வழிந்து பிடித்துக்கொண்டது. இழுத்தா குமிழ் சாயும், இருக்கட்டும், தகட்டுல படாது என்று வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை மட்டும் வெட்டிவிட்டு மூடிவிட்டாள். ரேடியோவில் மாட்டிப் பாடவிட்டாள், கொர்கொர் இல்லை. கூலி எவ்வளவு என்று எத்தனை தடவை கேட்டும் சொல்லவில்லை, அடுத்த தடவை வந்தா புது நெல்லுல அவல் இடிச்சுக் கொண்டாங்க, அடுப்புல மட்டும் வைக்காதீங்க, வெயிலும் ஆகாது, இது மறுபடி இளகும் என்று சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் உன் அப்பா முத்துப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் திரும்பி, அடுப்புல வச்சியே, அடியில ஓடு போட்டியா இல்லையா என்று கேட்டார். போட்டேங்க என்றேன். அப்ப சரி, இல்லைன்னா மிளகாய் வத்தலா ஆகியிருக்கும் என்றார். நானும் விடவில்லை, அந்தச் சைக்கிள் திருகாணி யாரோடதுங்க என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, ஐப்பசியில உள்ள என்னதான் இருக்குன்னு பார்ப்போம்னு ஒருநாள் திறந்தேன், மூடும்போது ரெண்டு கீழ விழுந்துருச்சு, ஒண்ணுக்குத்தான் மாத்து கிடைச்சுது என்றார். ஆக, நீ வாங்கிய சாமானில் ஒரு குறையும் இல்லை மகனே, குறை எல்லாம் உன்னைப் பெற்றவர்களிடம்தான். ஊரில் இறங்கியதும் முதல் வேலையாக வைரக்கண்ணு மாமாவிடம், எம் மவன் கொண்டாந்த சாமான் சொக்கத் தங்கமாம்யா என்று அவரே சொன்னார், அடுப்பு விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டார், திருகாணி விஷயத்தை நான் விழுங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் நினைத்தபடியே ஆயிற்று. பண்ணைக் காரியக்காரர் எங்களைப் பக்கத்து வயலில் விடாமல் ஒரு மைல் தள்ளி ஆத்தோரப் பங்குக்கு அறுப்புக்கு அனுப்பினார், இன்னிக்கு அதுதான் முத்தி நிக்குது என்றார், போன வாரம் பச்சையாக இருந்த கதிர். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் போனோம். பள்ளிக்கூடத்துத் தென்னை மரத்தில் குழாய் ஆத்துப் பக்கம் பார்த்தபடி ஏறிவிட்டது, யூனிட்டுக்கு வெயில் படாமல் நானே முடைந்த கீற்றுத் தொப்பி ஒன்றைக் கட்டச் சொல்லியிருந்தேன், ஸ்பீக்கருக்கு என்னம்மா கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜோடனை என்று எல்லாரும் சிரித்தார்கள். குனிந்து அறுத்துக்கொண்டிருந்தோம், கை அறுக்கிறது, காது மட்டும் ஊருக்குள் இருக்கிறது. ஆளும் கட்சிக் கிளைச் செயலாளர் பேச்சு முதலில் வந்தது, அது எங்களுக்கு வேண்டியதில்லை, ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்ததில் எனக்கு உயிர் வந்தது. அப்புறம் பேர். செவிட்டுக் காத்தாயி பேரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், நான் அவளைத் தொட்டுச் சொல்ல நிமிர்கிறேன், அவள் அரிவாளோடு வரப்பில் ஓடிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கே கேட்டுவிட்டது. நாலாவதோ ஐந்தாவதோ என் பேர். மருதையன் மனைவி அம்சம் என்று வந்தது. முன்னே வண்டு மாதிரி அலறிய அந்த ம் கோயில் மணி அடித்து ஓய்கிற மாதிரி வயல் முழுக்க நின்று அடங்கியது. என் பேரை அவ்வளவு பெரிதாக, அவ்வளவு தூரத்துக்கு யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கை அறுத்த பிடியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றுவிட்டேன், பக்கத்து ஆள் ஓடு அம்சம் என்று முதுகில் தட்டியதும்தான் ஓடினேன். வாய்க்காலில் இறங்கி ஏறினேன், சேற்றில் ஒரு தடவை விழுந்தேன், இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள், மூன்றாவதும் கூப்பிட்டார்கள், அது முன்னைவிடச் சத்தமாக வந்தது, பள்ளிக்கூடத்தில் மைக் பெட்டியோடு இருந்த உன் அப்பா சத்தம் கூட்டுகிற திருகைத் திருப்பி வைத்திருக்கிறார். பாலம் வந்தது, கால் வழக்கம்போல் நிற்கப் பார்த்தது, நிற்காமல் தாண்டினேன்.

கையில் அரிவாள், நெல்லுப் பிடி, முழங்கால் வரைக்கும் சேறு, அப்படியே மேசை முன்னால் நின்றேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்க்காமலே மைப்பெட்டியை நகர்த்தினார். பேனாவைக் கொடுங்கய்யா என்றேன். நிமிர்ந்து பார்த்தார், எதுவரை படிச்சிருக்கே என்றார், அஞ்சாவது, போர்டு ஸ்கூல் என்றேன். அவர் பேனாவிலேயே அவசரமில்லாமல் போட்டேன், உன் அப்பா பெட்டி பக்கத்திலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு பேரில் பத்துப் பேர் வந்து சேர்ந்துவிட்டோம். நாகம்மாள் மட்டும் மகள் பிரசவத்துக்கு நாகப்பட்டினம் போயிருந்தாள், அவள் பேரை அடிக்கக்கூடாது என்று வைரக்கண்ணு மாமா அங்கேயே உட்கார்ந்து தகராறு பண்ணி, மனுக் கொடுங்கள் பார்க்கலாம் என்று எழுதி வாங்கியிருக்கிறார், அந்த மனுவையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். பட்டா சித்திரையில் வரும் என்கிறார்கள். மறுநாள் அறுப்புக்குப் போனபோது காரியக்காரர், என்ன அம்சம், உன் பேரு பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டுச்சாமே என்றார். பிலாய் வரைக்கும் கேட்டிருக்கும் ஐயா, கடுதாசி வந்ததும் சொல்றேன் என்றேன்.

சித்திரையில் லீவு கிடைத்தால் மூன்று பேரும் வந்துவிட்டுப் போங்கள், பேரன் நம் சொந்த மனையில் காலை ஊன்றி நிற்பதை நான் பார்க்க வேண்டும். அவனுக்கு வெறும் சப்பாத்தியாகக் கொடுக்காதே என்று தங்கமணியிடம் சொல், மோர் சோறு பழக்கட்டும், வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டட்டும். நீ இரும்பாலையில் உலைப் பக்கம் வேலை பார்க்கிறவன், தண்ணீர் நிறையக் குடி. அவல் இடித்து இரண்டு பங்காக வைத்திருக்கிறேன், ஒன்று ரசியாவுக்கு, ஒன்று உனக்கு, யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். நம் ஆத்தோரத்து மாரியம்மன் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும், பேரன் எந்த பாஷையிலும் தலை குனியாமல் வளரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. உன் மற்றவை பின் ஸ்பீக்கருக்குள் அரக்கோடு ஒட்டிக்கிடக்கிறது, என் பேரை ஊருக்குக் கூப்பிட்டபோது அதுவும் உள்ளே இருந்தது, இனி அதை எடுக்க முடியாது. ஆகவே அடுத்த கடிதத்தில் அந்த வார்த்தையைப் போடாமல் மற்றவை என்ன என்பதை எழுது, கடைசி மடிப்பு வரைக்கும் எழுது. நான் பார், ஒன்றும் பாக்கி வைக்கவில்லை.

ரிஜிஸ்தரில் போட்ட அதே கையெழுத்தோடு,
உன் அம்மா
ம. அம்சம்